புகழற்றவர் என்று யாரைச் சொல்வது?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளியின் நூற்றாண்டு மலரில் ஊருக்கு உழைத்த ஆறு பேரைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. ‘புகழற்ற மாமனிதர்கள்’ என்று அதற்குத் தலைப்பு வைத்தேன். மெய்ப்புப் படியைப் பார்த்த ஒருவரின் பேரன், “எங்க தாத்தாவுக்குப் புகழ் இல்லைன்னு நீங்க எப்படி டீச்சர் எழுதலாம்?” என்று கோபித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் ‘அன்சங் ஹீரோஸ்’ என்கிறார்களே, அந்த நினைப்பில்தான் எழுதினேன். அகராதியிலும் ‘புகழற்ற’ என்றே இருக்கிறது. இது தவறான சொல்லா? வேறு என்ன சொல் போடலாம்? ஆறு பேரைப் பற்றிய குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: மதிப்பிற்குரிய அம்மா,

பேரன் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் அகராதி பார்த்து எழுதியதையும் பிழை என்று சொல்ல முடியாது. அகராதி பொருளைத் தரும். அந்தச் சொல் ஓர் ஆளின் பெயருக்கு முன்னால் வந்து நின்றால் கேட்பவர் காதில் எப்படி விழும் என்பதை அது சொல்லாது. தலைப்பை மாற்றிவிடுங்கள். ஆனால் ‘புகழற்ற’ என்பதை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் வேறு ஒரே சொல்லை வைத்தால் வேலை முடியாது. நீங்கள் அனுப்பியிருக்கும் ஆறு பேரும் ஆறு விதமாகப் பெயர் வெளியே தெரியாமல் போனவர்கள். ஒரு சொல் ஆறு பேருக்கும் பொருந்தாது.

முதலில் ‘அற்ற’ என்ன செய்கிறது என்று பார்ப்போம். ‘அறு’ என்ற வினையிலிருந்து வந்தது அது. அறுந்துபோன, இல்லாமல் ஒழிந்த என்று பொருள். அதோடு சேர்ந்து வழங்கும் சொற்களைச் சொல்லிப் பாருங்கள்: மானமற்ற, அறிவற்ற, நன்றியற்ற, நாதியற்ற, வக்கற்ற, பயனற்ற. எல்லாம் வசவு, அல்லது இரக்கம். குற்றமற்ற, மாசற்ற, கவலையற்ற என்பவை மட்டும் நன்றாக ஒலிக்கின்றன. காரணம் எளிது. கெட்டது இல்லை என்றால் பாராட்டு, நல்லது இல்லை என்றால் குறை. ஒப்பற்ற, நிகரற்ற என்பவற்றில் இல்லாமல் போனது போட்டி. அதனால் அவையும் புகழ்ச்சிதான். புகழ் நல்ல பொருள். எனவே ‘புகழற்ற’ என்றதும் அந்தச் சொல் மானமற்ற, நன்றியற்ற வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்தில் ‘மாமனிதர்’ என்று எழுதினாலும் அந்த ஒலி போகாது.

‘புகழ் இல்லாத’ கொஞ்சம் மென்மையானது. என்றாலும் குறை ஆளின் மேலேயே நிற்கிறது. ‘புகழ்பெறாத’ என்பதில் ஓர் எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. பெற வேண்டியது இன்னும் கைக்கு வரவில்லை என்று தொனிக்கும். பின்னாளில் புகழ் வந்தவரின் தொடக்க காலத்தைச் சொல்ல அது சரியான சொல்: ‘அப்போது அவர் இன்னும் புகழ்பெறாத இளைஞர்’ என்று தயங்காமல் எழுதலாம். இறந்து நாற்பது ஆண்டு ஆனவரை ‘புகழ்பெறாத’ என்றால், முயன்று பார்த்துத் தோற்றவர் போல ஆகிவிடும்.

‘-படாத’ என்று முடிபவை வேறு சாதி. அறியப்படாத, பேசப்படாத, எழுதப்படாத, போற்றப்படாத. இவற்றில் குறை ஆளை விட்டு நகர்ந்து, அறிய வேண்டியவர்கள், பேச வேண்டியவர்கள் மேல் போகிறது. உங்கள் மலருக்கு வேண்டிய திசை இதுதான். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ‘அறியப்படாத’ என்றால் யாரால்? அந்தக் கேள்விக்கு வாக்கியத்திலேயே விடை இல்லாவிட்டால் சொல் பொய்யாகிவிடும். ஆபிரகாம் பண்டிதரை எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெரிய இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டவர். அவரை ‘அறியப்படாத அறிஞர்’ என்று எழுதினால் இசை தெரிந்த எவரும் ஒப்ப மாட்டார்கள். ‘இசைத்துறைக்கு வெளியே பரவலாக அறியப்படாதவர்’ என்றால் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த ‘வெளியே’, ‘பரவலாக’ இரண்டும் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. புகழின் எல்லை எங்கே முடிகிறது என்று காட்டுபவை அவைதான். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘யாருக்குத் தெரியாது?’ என்று கேளுங்கள். மாவட்டத்துக்கு வெளியேயா, இன்றைய பிள்ளைகளுக்கா, அரசுப் பதிவேட்டுக்கா? விடை கிடைத்தால் அதையே எழுதுங்கள். கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

‘அன்சங்’ என்பதை அப்படியே ‘பாடப்படாத நாயகர்கள்’ என்று சிலர் பெயர்க்கிறார்கள். அதைப் போட வேண்டாம். ‘நாயகர்’ என்றதும் இன்றைய வாசகருக்கு நினைவில் வருவது சினிமாக் கதாநாயகன். ‘பாடப்படாத’ அதோடு சேர்ந்தால் பாட்டு இல்லாத படம் என்ற குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் அந்தக் கருத்து நமக்கு அந்நியமானதென்று நினைத்துவிடாதீர்கள். புறநானூறு 72ஆம் பாட்டில் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறுகிறான். பகைவரை வெல்லாவிட்டால் எனக்கு வரட்டும் என்று அவன் வேண்டிக்கொள்ளும் கேடுகளில் ஒன்று, மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விலகட்டும் என்பது: ‘புலவர் பாடாது வரைக என் நிலவரை’. பாடப்படாமல் போவது ஓர் அரசனுக்கு அவ்வளவு பெரிய தண்டனை.

27ஆம் பாட்டு இன்னும் நேராக உங்கள் கேள்வியைத் தொடுகிறது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளிக்குச் சொல்வது: ‘உரையும் பாட்டும் உடையோர் சிலரே, மரையிலை போல மாய்ந்திசினோர் பலரே’. தாமரைப் பூவின் இதழ்களைப் போல வேற்றுமை இல்லாத உயர்குடியில் பிறந்தவர்களிலேயே பேசவும் பாடவும் பெற்றவர் சிலர், தாமரை இலை போல மறைந்துபோனவர் பலர். கவனியுங்கள், மறைந்த பலரையும் புலவர் ‘புகழற்றவர்’ என்று சொல்லவில்லை. அவர்களுக்கு ‘உரையும் பாட்டும்’ அமையவில்லை என்ற அளவில் நிறுத்திவிட்டார். புகழ் என்பதே இந்த மொழியில் பிறர் வாயில் இருக்கும் பொருள். உரை, இசை, பெயர் என்று அதற்கு வழங்கும் சொற்கள் பேச்சையும் ஒலியையும் குறிப்பவை. ஒருவருக்குப் புகழ் இல்லை என்றால் முதலில் விசாரிக்க வேண்டியது பேசியிருக்க வேண்டிய வாய்களைத்தான்.

குறளை மேற்கோள் காட்டலாமா என்றும் குறிப்பில் கேட்டிருந்தீர்கள். ‘தோன்றின் புகழொடு தோன்றுக’ என்ற 236ஆம் குறளை இந்தப் பகுதியின் தலையில் போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். அதன் தொடர்ச்சி ‘அஃதிலார் தோன்றலின் தோன்றாமை நன்று’. புகழ் இல்லாதவர் தோன்றாமலிருப்பதே நல்லது என்ற வரியை மேலே வைத்துவிட்டுக் கீழே ‘புகழற்ற மாமனிதர்கள்’ என்று எழுதினால், படிப்பவர் இரண்டையும் சேர்த்துத்தான் படிப்பார். பேரன் அவ்வளவு சூடானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ‘புகழ்’ என்ற அந்த அதிகாரமே கடுமையானது. இசை என்னும் எச்சத்தைப் பெறாவிட்டால் அது வசை என்கிறது 238. புகழில்லாத உடம்பைச் சுமந்த நிலத்துக்கு விளைச்சல் குறையும் என்கிறது 239. ‘இசையிலா யாக்கை’ என்று அங்கே வருவதுதான் ‘புகழற்ற’ என்பதன் பழைய வடிவம். அதன் கடுமை இன்றும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே வேளையில் 236க்குப் பரிமேலழகர் எழுதிய உரையைப் பாருங்கள். புகழ் என்ற சொல்லுக்குப் ‘புகழுக்கு ஏதுவாகிய குணம்’ என்று அவர் பொருள் கொள்கிறார். அந்தக் குணம் இல்லாதவரைத்தான் குறள் குறை சொல்கிறது என்பது அவர் கருத்து. குணம் இருந்தும் பேச ஆளில்லாமல் போனவர் அந்தக் குறையில் சேர மாட்டார். உங்கள் ஆறு பேரும் அப்படிப்பட்டவர்கள். குறள் கட்டாயம் வேண்டுமென்றால் அதே அதிகாரத்தின் 231ஐப் போடுங்கள்: ‘ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு’. யாரையும் குத்தாது.

இனி ஆறு பேருக்கும் வருகிறேன்.

கண்மாயில் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவரைப் பற்றி ‘புகழற்ற சேவை செய்தவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொண்ட பேரன் இவருடைய பேரன்தான் என்பது குறிப்பிலிருந்து தெரிகிறது. ‘புகழற்ற சேவை’ என்பதில் குறை இன்னும் ஒரு படி இறங்கி அவர் வேலையின் மேலேயே விழுந்துவிட்டது. சேவையே மதிப்பில்லாதது போல. நீங்கள் சொல்ல நினைத்தது, இவ்வளவு செய்தும் யாரும் எழுதி வைக்கவில்லை என்பது. அப்படியானால் வாக்கியம் வேலையிலிருந்து தொடங்கட்டும். எந்தெந்த மடையைத் திறந்தார், கடைமடைக்குத் தண்ணீர் எப்படிக் கொண்டுபோனார், தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்த வயலுக்கு முதலில் விட்டார், களத்தில் அவருக்கு எவ்வளவு நெல் அளந்தார்கள்? பேரனிடமே உட்கார்ந்து கேளுங்கள். மடைகளின் பெயரைக் கேட்டு அப்படியே எழுதுங்கள். கண்மாய் மடைகளுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் எந்த வருவாய்ப் பதிவிலும் இல்லாமல் போகலாம். அது அச்சில் ஏறினால் ஆளும் ஏறியதாகிவிடும். கடைசியில் வேண்டுமானால் ‘இவர் செய்த வேலை இதுவரை எங்கும் எழுதப்படவில்லை’ என்று ஒரு வரி போதும். ‘எழுதப்படவில்லை’ என்பது உண்மை, யாரையும் தாழ்த்தாது. பேரனும் ஒப்புக்கொள்வார்.

மருத்துவச்சி அம்மாவைப் பற்றிய பத்தியில் ‘யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து மறைந்தார்’ என்று இருக்கிறது. அதே பத்தியின் மூன்றாம் வரியில் ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள் என்றும், அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து மாட்டுவண்டி கட்டிவந்து கூட்டிப்போவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து ஊரிலிருந்து வண்டி வருகிறதென்றால் அவர் பெயர் அங்கே போயிருக்கிறது என்றுதானே பொருள்? உங்கள் குறிப்பிலேயே அவரைக் ‘கைராசிக்காரி’ என்று ஊர் அழைத்ததாக இருக்கிறது. ஊர் கொடுத்த புகழ்ச்சொல் அது. அதைத் தலைப்பாகவே வையுங்கள். ‘யாருக்கும் தெரியாமல்’ என்ற தொடரை முழுவதும் நீக்கிவிடுங்கள். அச்சில் பெயர் வராததை, யாருக்கும் தெரியாதது என்று எழுதிவிடுகிறோம் பலரும். எழுத்தறிந்தவர்களுக்கு மட்டும்தான் புகழ் தர உரிமை என்பது போல அது ஆகிவிடுகிறது, வருத்தமான பழக்கம்.

1942இல் சிறை சென்றவர். இவருக்கு ‘அறியப்படாத தியாகி’ என்று போட்டிருக்கிறீர்கள், பத்திரிகைகளில் பழகிய தொடர். அவர் கலந்துகொண்டதாக நீங்கள் சொல்லும் தேவகோட்டை நிகழ்ச்சி அறியப்படாதது அல்ல. 1942 ஆகஸ்டில் தேவகோட்டை நீதிமன்றம் எரிக்கப்பட்டதும், விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மீட்க மக்கள் திருவாடானைச் சிறையை உடைத்ததும் விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம் பெற்றவை. அந்தக் கூட்டங்களில் நின்ற எல்லோருடைய பெயரும் புத்தகத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான். நிகழ்ச்சிக்குப் பெயர் உண்டு, ஆளுக்கு இல்லை. ஆகவே ‘பெயர் பதிவாகாத தியாகி’ என்பது துல்லியம். ஆனால் அப்படி எழுதும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். தியாகி பென்ஷன் வாங்கினாரா? தாமிரப் பட்டயம், சிறைச் சான்றிதழ் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? இருந்தால் பெயர் பதிவாகியிருக்கிறது. அப்போது ‘மாவட்டத்துக்கு வெளியே பேசப்படாத தியாகி’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். சான்று எதுவும் இல்லாமல் குடும்பத்தார் சொல் மட்டும் இருந்தால் ‘சிறை சென்றதாகக் குடும்பத்தார் கூறுகின்றனர்’ என்று எழுதுவதில் அவருக்கு எந்த இழுக்கும் இல்லை. பின்னால் ஒருவர் வந்து மறுத்தால்தான் இழுக்கு.

இவர் பத்தியில் ‘வரலாற்றிலிருந்து மறைக்கப்பட்டவர்’ என்றும் ஒரு வரி வருகிறது. ‘மறைக்கப்பட்ட’ என்பது குற்றச்சாட்டு. யாரோ தெரிந்தே மூடினார்கள் என்று பொருள். ‘இருட்டடிப்பு செய்யப்பட்ட’ என்பதும் அந்த வகைதான். யார் மறைத்தது, எப்படி என்று காட்ட முடிந்தால் மட்டும் எழுதுங்கள். உங்கள் குறிப்பில் அப்படி எதுவும் இல்லை.

பள்ளியின் முதல் தலைமையாசிரியரைப் பற்றிய ‘கடைசிக் காலத்தில் புகழற்றுப் போனார்’ என்ற வாக்கியம் வேறு விதமாகத் தவறுகிறது. அவர் பெயர் கட்டடக் கல்வெட்டில் இருக்கிறது, அவர் காலத்தில் ஊரே எழுந்து நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘புகழற்றுப் போனார்’ என்றால் ஏதோ செய்து பெயரைக் கெடுத்துக்கொண்டார் என்று ஒருவர் படிக்கக்கூடும். பெயர் கெட்டதற்கும் பெயர் மங்கியதற்கும் நடுவே பெரிய தூரம். இவருக்கு ‘மறக்கப்பட்ட’ சரியான சொல், ஏனென்றால் முதலில் நினைக்கப்பட்டவரைத்தான் மறக்க முடியும். மருத்துவச்சிக்கோ நீர்ப்பாய்ச்சிக்கோ அந்தச் சொல் பொருந்தாது. இதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கிறது, ‘கவனிக்கப்படாத’. 1912இல் சிறையிலிருந்து வெளிவந்த வ.உ.சி.யை யாரும் மறந்துவிட்டார்கள் என்றோ அறியவில்லை என்றோ எழுத முடியாது. நாடறிந்த மனிதர். ஆனால் 1936இல் இறக்கும் வரை வறுமையோடு அவர் மல்லாடிய ஆண்டுகளுக்குக் ‘கவனிக்கப்படாத’ என்ற சொல் அளவாகப் பொருந்தும். உங்கள் தலைமையாசிரியருக்கு எது பொருந்தும் என்பதைக் கடைசி ஆண்டுகளில் அவரை யார் போய்ப் பார்த்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பெயர் தெரிந்தும் யாரும் போகவில்லை என்றால் கவனிக்கப்படாதவர். இன்றைய பிள்ளைகளுக்குப் பெயரே தெரியவில்லை என்றால் மறக்கப்பட்டவர்.

ஒயிலாட்ட வாத்தியாருக்குக் ‘குடத்திலிட்ட விளக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மரபுத்தொடர், இடம்தான் மாறிவிட்டது. ஒளி இருந்தும் வெளியே வராதவருக்கு அது. திறமையை யாருக்கும் காட்ட வாய்ப்பே கிடைக்காதவர், எழுதிய கவிதையைப் பெட்டியிலேயே வைத்து இறந்தவர் என்றால் பொருந்தும். இவர் முப்பது பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுத்து, அவர்கள் ஊர் ஊராகத் திருவிழாவில் ஆடியிருக்கிறார்கள். ஒளி வெளியே வந்துவிட்டது, ஏற்றியவர் பெயர்தான் ஒலிபெருக்கியில் சொல்லப்படவில்லை. ‘ஆட்டம் தெரியும், வாத்தியார் பெயர் தெரியாது’ என்று பேச்சுவழக்கிலேயே எழுதலாம்.

பெயர் தெரியாமலிருப்பதும் புகழ் இல்லாமலிருப்பதும் ஒன்றல்ல என்பதற்குச் சங்கப் புலவர்களே சாட்சி. ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்ற குறுந்தொகை 40ஆம் பாட்டை எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையை வைத்தே செம்புலப்பெயனீரார் என்கிறோம். அணிலாடுமுன்றிலார், தேய்புரிப்பழங்கயிற்றினார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். ‘பெயர் தெரியாத புலவர்’ என்று இவர்களைச் சொல்லலாம். ‘புகழற்ற புலவர்’ என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது. வாத்தியாரின் பெயர் கடைசிவரை கிடைக்காவிட்டால் இந்த வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது. ஊர் அவரை எப்படி அழைத்ததோ, அந்தப் பட்டப்பெயரையே தலைப்பாக வையுங்கள்.

பள்ளிக்கு நிலம் கொடுத்தவர் தன் பெயர் எங்கும் வரக்கூடாது என்று சொன்னவர். அவருக்கு ‘அறியப்படாத’, ‘போற்றப்படாத’ எதுவும் வேண்டாம். அவை எல்லாம் யாரோ அவருக்கு வஞ்சனை செய்தது போலக் காட்டும். ‘பெயர் சொல்ல விரும்பாதவர்’ போதும். ‘விளம்பரம் விரும்பாதவர்’ என்பதைத் தவிருங்கள், மற்ற ஐவரும் விளம்பரம் விரும்பியும் கிடைக்காதவர்கள் என்று ஆகிவிடும். ‘அனாமதேய நன்கொடையாளர்’ என்பதும் வேண்டாம். அந்தச் சொல் மொட்டைக் கடிதத்தோடும் போலீஸ் செய்தியோடும் பழகிப்போனது.

இன்னும் சில சொற்கள் இந்த இடத்தில் வந்து நுழையப் பார்க்கும். ‘ஊர் பேர் தெரியாத’ என்பது ஏளனம். ‘ஊர் பேர் தெரியாதவனை வீட்டில் விடாதே’ என்றுதான் வழங்குகிறோம். ‘பிரபலமற்ற’ என்பது இப்போது பத்திரிகைகளில் ‘மக்களுக்குப் பிடிக்காத’ என்ற பொருளிலும் ஓடுகிறது. ஆளுக்குப் போட்டால் இரண்டு பொருளும் மோதும். கோயில், குளம், சுற்றுலா இடம் என்றால் ‘பிரபலமாகாத’ என்பது பொருந்தும். அங்கே யாருடைய மானமும் இல்லை. ‘அபகீர்த்தி’, ‘அவப்பெயர்’ இரண்டும் கெட்ட பெயரைக் குறிப்பவை. பெயர் இல்லாததற்கு அவற்றைப் போட்டால் வழக்கே வரும்.

தலைப்புக்கு என் யோசனை ‘ஊருக்கு உழைத்த ஆறு பேர்’. உங்கள் கடிதத்திலேயே இருக்கிற தொடர்தான். இல்லாத ஒன்றைச் சொல்லி ஆட்களை அறிமுகம் செய்வதைவிட இருந்த ஒன்றைச் சொல்வது நல்லது. ‘ஏட்டில் ஏறாத பெயர்கள்’ என்பதும் அழகான தலைப்பு. ஆனால் தலைமையாசிரியரின் பெயர் கல்வெட்டிலும் பதிவேட்டிலும் இருப்பதால் அவரை அது தள்ளிவிடும். நிலம் கொடுத்தவரைத் தவிர மற்ற ஒவ்வொருவர் பத்தியிலும் முதல் வரியில் பெயர், இரண்டாம் வரியில் செய்த வேலை என்று வையுங்கள். நடுகல்லைப் பாடும்போது அகநானூறு ‘பெயரும் பீடும் எழுதி’ என்கிறது. அந்த வரிசை இன்றைக்கும் சரியாக இருக்கிறது. எது கிடைக்கவில்லையோ அதைக் கடைசி வரிக்குத் தள்ளுங்கள், அதுவும் ஓரிரு பத்தியில் மட்டும். ஆறு பத்தியும் ‘இவரை யாரும் அறியவில்லை’ என்று முடிந்தால் ஒப்பாரி போல ஆகிவிடும்.

திருத்தம் செய்யும்போது அச்சகத்தில் ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்பார்கள், விடாதீர்கள். ‘புகழற்ற’ இருக்கும் இடத்திலெல்லாம் ‘அறியப்படாத’ என்று மாற்றினால் ‘புகழற்றவர்’ என்பது ‘அறியப்படாதவர்’ என்று ஒழுங்காக வரும். ‘புகழற்றுப் போனார்’ என்பது ‘அறியப்படாதுப் போனார்’ என்று ஒற்று மிகுந்து பிழையாகும், பொருளும் மாறும். தேடுவதற்கு மட்டும் கணினியைப் பயன்படுத்துங்கள். முழுச் சொல்லைக் கொடுக்காமல் ‘புகழற்’ என்று கொடுத்தால் புகழற்ற, புகழற்றோர், புகழற்று எல்லாம் அகப்படும். ‘புகழ் அற்ற’, ‘புகழ் இல்லா’ என்று பிரித்து அடித்திருப்பதையும் தனியாகத் தேட வேண்டும். உங்கள் மெய்ப்பில் சில பக்கங்கள் யூனிகோடில் இல்லாத பழைய எழுத்துருவில் இருப்பது போலத் தெரிகிறது. அந்தப் பக்கங்களில் யூனிகோடில் அடித்துத் தேடினால் ஒன்றும் வராது, இல்லை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அவற்றைக் காகிதத்தில் எடுத்துக் கண்ணால் பாருங்கள். மேலட்டை, முதுகுப் பட்டை, பொருளடக்கம், பக்கத் தலைப்பு, புகைப்படக் குறிப்பு ஆகியவை பெரும்பாலும் தனிக் கோப்பில் இருக்கும். உள்ளே மாற்றிவிட்டு அட்டையில் பழைய தலைப்போடு அச்சாவது அடிக்கடி நடப்பது.

கடைசி மெய்ப்பை ஆறு குடும்பங்களுக்கும் அவரவர் பத்தியை மட்டும் அனுப்பாமல் முழுப் பகுதியாக அனுப்புங்கள். தங்கள் வீட்டுப் பெரியவரைப் பற்றி மட்டும் படித்தால் பெயரும் ஆண்டும் சரிபார்ப்பார்கள். மற்றவர்களைப் பற்றியும் படித்தால்தான் யார் யாரோடு வேலை செய்தார்கள், எந்த மடை எங்கே இருந்தது என்பதெல்லாம் நினைவுக்கு வரும். ஒயிலாட்ட வாத்தியாரின் பெயர்கூட அப்படிக் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்கு ஒரு வாரம் ஒதுக்கிவிட்டு அச்சுக்கு நாள் சொல்லுங்கள்.